கேட்டால் மட்டும் அழுத்துங்கள்

கதவை மூடியபோது சத்தமே வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவைப்போல ரப்பர் விளிம்பு அமுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அதோடு வெளியே இருந்ததெல்லாம் நின்றுபோயிற்று: வரவேற்பறைத் தொலைக்காட்சி, காத்திருந்தவர்களில் யாரோ ஒருவரின் இருமல், ஏ.சி.யின் ரீங்காரம், ஷைனியின் செருப்புச் சத்தம். ஷைனி இந்த மருத்துவமனையில் காதுப் பரிசோதனை செய்கிற பெண். கேரளத்துக்காரி, கோயம்புத்தூரில் படித்தவளாம், என் பெயரைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறிவிட்டாள். "செங்குட்டுவன் சார், சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்க. எத்தனை சின்னச் சத்தமா இருந்தாலும் அழுத்துங்க. கேக்கலைன்னா வேண்டா. கேட்டா மட்டும் அழுத்துங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதான். பன்னிரண்டாயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியவன் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். பீரோவைவிடச் சற்றே பெரிய பெட்டி இது. ஒரு நாற்காலி, தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒயர் வைத்த பட்டன். சுவரெல்லாம் சல்லடைபோலப் பொடி ஓட்டைகள், சத்தத்தை விழுங்குவதற்கு. ஒரு வரிசையில் எத்தனை என்று எண்ணத் தொடங்கி முப்பத்தொன்றில் தவறவிட்டேன். எண்ணக் கூடாது. கேட்க வேண்டும். கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைக்கச் சொல்லிவிட்டாள். உள்ளே நுழையும்போது மணி பதினொன்று நாற்பது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நுழைந்தேன். இருபது நிமிஷ வேலை. பன்னிரண்டு. அங்கே ஒன்றரை. போதும், நேரம் இருக்கிறது.

அங்கே என்றால் பல்லாவரம். வளைகுடாவின் இந்த நகரம் சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் வருகிறது. என் மனைவி பிரமிளா இந்நேரம் வங்கியில் தன் மேசைக்கு எதிரே, காலியாகிவிட்ட மேசைக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்தொன்பது வருஷம் அந்த வங்கியில். மூன்று மாதத்துக்கு முன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள், எனக்காக, என்னோடு இங்கே வந்துவிடுவதற்காக. இன்று விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மேலாளர் நல்ல மனுஷர். "மேடம், ரெண்டு மணிக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, ராஜினாமாவை வாபஸ் வாங்கினதா நானே எழுதிக்கிறேன். கையெழுத்து விழுந்திடுச்சுன்னா அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாராம். அதை நேற்று ஃபோனில் சொல்லிவிட்டு, "எதுக்கும் உங்க மெடிக்கல் முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அப்புறம் போடறேன்" என்றாள். நான் சிரித்தேன். "மெடிக்கல்லாம் சும்மா ஒரு சடங்கு பிரமி. ரத்தம், கண்ணு, காது, ஒரு எக்ஸ்ரே. பத்து மணிக்குப் போறேன், பத்தரைக்கு வெளியே வந்துடுவேன்." பத்தரைக்கு எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒன்பது பேர், ஒன்பது தேசம். இந்த நகரத்தின் விமான நிறுவனத்தில் சேர வந்தவர்கள். எல்லோரும் ஊரில் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். நானும் விட்டுவிட்டேன். எங்கள் நாட்டில் ஒரு கேப்டன் வேலையை விட ஒரு வருஷம் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் சொல்லிவிட்டுக் காத்திருந்து, கடைசி நாள் கைகுலுக்கி, என் இருக்கைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தாயிற்று. திரும்பிப் போக அந்த இருக்கை இல்லை. முன்னால் போக இந்தப் பெட்டியைத் தாண்ட வேண்டும். இடது காதைப் பற்றி நான் பிரமிளாவிடம் சொன்னதில்லை.

வலது காதில் முதல் சத்தம் வந்தது. மெல்லிய, வட்டமான கூ. அழுத்தினேன். இன்னும் மெல்லியதாக. அழுத்தினேன். இன்னும், இன்னும், ஒரு கொசு அடுத்த அறையில் இருப்பதுபோல. அழுத்தினேன். வலது காது நல்ல பிள்ளை. கனத்த சத்தம், நடுத்தரம், கூர்மை, எல்லாவற்றுக்கும் கைதூக்குகிறது. சந்தோஷமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட மாதிரி. சேவியர் சொன்னது ஞாபகம் வந்தது. சேவியர் எனக்கு ஒரு வருஷம் முன்னால் இங்கே வந்தவன். வருவதற்கு முந்தின வாரம் விமானத்திலிருந்து முனையத்துக்குப் போகும் பேருந்தில் என் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு பேசினான். "டேய் செங்கு, அதே விமானம், அதே சீட்டு, அதே சாம்பார் சாதத்துக்குப் பதில் கொஞ்சம் நல்ல கோழி. சம்பளம் மட்டும் மூணு மடங்கு. உனக்கு என்ன வயசு? நாப்பத்தாறா? இன்னும் எத்தனை வருஷம்டா உன் கண்ணு, உன் முட்டி, உன் காது எல்லாம் ஓடும்? நல்லா இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துடணும். மாங்கா அழுகினப்புறம் சந்தைக்குக் கொண்டுபோனா எவன் வாங்குவான்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது என்று அவன் சும்மா சொன்னான். எனக்குத்தான் அந்த ஒரு சொல் முள்ளாகத் தைத்தது. ஐந்து வருஷத்துக்கு முன் கேட்கும் திறனை அளந்து ஒரு வரைபடம் எடுத்தார்கள். இடது காதின் கோடு நேராகப் போய்க்கொண்டே வந்து, கூர்மையான ஒலிகள் இருக்கும் இடத்தில், நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த இடத்தில், ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. "கவனிச்சுக்கங்க கேப்டன்" என்றார்கள். எதைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது? இடப்பக்க இருக்கையில் உட்காரும் கேப்டன்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஹெட்செட்டை இடது காதில் இறுக்கி, வலது காதைத் திறந்துவைத்து, பக்கத்தில் இருப்பவர் பேச்சு அந்த வழியாகவும் வானொலி இந்த வழியாகவும். திறந்த காதில் காற்றின் இரைச்சல் ஏறும், அதை மீறி வானொலி கேட்பதற்காக இடது காதில் ஒலியைக் கூட்டுவோம். இன்னும் கொஞ்சம் கூட்டுவோம். பதினைந்து வருஷம் கூட்டினேன்.

இப்போது இடது காது. கனத்த சத்தம் வந்தது, அழுத்தினேன். நடுத்தரம் வந்தது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்பதும் சரியில்லை. ரத்தம் ஓடுகிற சத்தம் வந்தது. கழுத்தில் நாடி. எச்சில் விழுங்கினால் ஒரு கதவு திறந்து மூடுவதுபோல. அதற்கெல்லாம் பின்னால், மிகவும் பின்னால், ஒரு விசில். அது எப்போதும் இருப்பதுதான், இரண்டு மூன்று வருஷமாக இரவில் தலையணையில் படுத்தால் வரும். ஆனால் இப்போது வருவது அதுவா, அவள் அனுப்பியதா? அழுத்தினேன். நின்றுவிட்டது. நின்றதால் அது அவள் அனுப்பியதுதான். மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினேன். எத்தனை விநாடிக்கு ஒரு தரம் அனுப்புகிறாள்? வலது காதில் நாலு விநாடி, சில சமயம் ஐந்து. நாலு எண்ணி அழுத்தினால்? எண்ணவில்லை, கட்டைவிரல் தானாகப் போயிற்று. ஒரு அழைப்பு வந்தால் பதில் சொல்லாமல் விடக் கூடாது, எங்கள் தொழிலில் அது முதல் பாடம். கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டு நாம் பேசாமல் இருந்தால் அங்கே நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார்கள். அரைகுறையாகக் கேட்டாலும் குரல் கொடு. குரல் கொடுத்துக் கொடுத்துப் பழகிய விரல் இது. சென்னையில் எங்களைப் பரிசோதிக்கும் டாக்டர் ஒருவர் இருந்தார், விமானப்படையில் ஓய்வு பெற்றவர். இருபதடி பின்னால் நின்றுகொண்டு ரகசியக் குரலில் ஏதாவது சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் திருச்சிக்காரன் என்பதால் அவர் எனக்கு ரயில் நிலையங்களைச் சொல்வார், ஊர்க்காரனுக்கு ஊர் வழி என்று. ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கம் என்பேன். லால்குடி. லால்குடி. மூன்றாவது காதில் விழாவிட்டாலும் அது அரியலூர்தான், நாலாவது விருத்தாசலம்தான். "ஏ ஒன் காது!" என்று முதுகில் தட்டுவார். விழுப்புரத்தை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை, ஆனால் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. அப்பாவும் அப்படித்தான். அப்பா துவாக்குடிப் பக்கம் ஒரு தகரப் பட்டறையில் முப்பது வருஷம் பெரிய பெரிய தொட்டிகளுக்குள் உட்கார்ந்து சுத்தியலால் அடித்தவர். ஐம்பது வயதில் அவருக்குப் பேச்சு கேட்பது நின்றுவிட்டது. ஆனால் கேட்கவில்லை என்று யாரிடமும் சொல்ல மாட்டார். எது சொன்னாலும் "ஆமாமா". பால் வந்துடுச்சா? ஆமாமா. மழை வருமா? ஆமாமா. கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து, "ஐயா, வலி குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். "ஆமாமா." "ராத்திரி தூங்கினீங்களா?" "ஆமாமா." டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அப்பா வலியோடு கிடந்தார், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் நாள் நான் போனபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். "ஏம்பா சொல்லல?" என்று கத்தினேன். அதற்கும் ஆமாமா என்றார். என் விரல் இன்னொரு தடவை அழுத்தியது.

கதவு திறந்தது. வெளிச்சமும் தொலைக்காட்சியும் ஒன்றாக உள்ளே வந்தன. ஷைனி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சிரித்தாள், அந்தச் சிரிப்பே சரியில்லை. "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுக்காதீங்க. நான் சத்தமே கொடுக்கலை, நீங்க ஆறு தடவை அழுத்தியிருக்கீங்க." ஆறா? "ஆறு. கடைசி ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்து பாத்தேன். நீங்க மணி அடிக்கிற மாதிரி கரெக்டா அழுத்திக்கிட்டே இருக்கீங்க." என் முகம் சுட்டது. "விசில் மாதிரி ஒண்ணு கேட்டது." "அது உங்க காதுக்குள்ள உள்ளது சார். பைலட்டுங்க நிறையப் பேருக்கு உண்டு. இந்த ரிசல்ட்டை இப்படியே கொடுத்தா நம்ப முடியாதுன்னு எழுதுவாங்க, அது ஃபெயிலை விட மோசம். முதல்லேர்ந்து எடுத்துடலாமா?" மணி என்ன என்று கேட்டேன். பன்னிரண்டு பத்து. பிரமிளாவுக்கு ஒன்று நாற்பது. "ஒரு ஃபோன் பண்ணிக்கட்டுமா? ஒரே நிமிஷம்." அவள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். "இறங்கி வந்தா வெளியே நிக்கிறவரை உள்ளே விடணும் சார். அப்புறம் டாக்டர் லஞ்சுக்குப் போயிடுவார், உங்களுக்கு நாளைக்குத்தான். பத்தே நிமிஷம், முடிச்சுட்டு நிம்மதியா பேசலாமே. வீட்டுலயா?" வீட்டில்தான் என்றேன். "சேச்சி பயப்பட மாட்டாங்க" என்றாள். நான் இறங்கியிருக்கலாம். இரண்டு அடி தூரத்தில் தட்டு, தட்டில் கைப்பேசி. ஆனால் எடுத்து என்ன சொல்வது? போடாதே என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு ஐந்து வருஷத்தைச் சொல்ல வேண்டும், ரயில் நிலையங்களைச் சொல்ல வேண்டும். போடு என்று சொன்னால், எதை வைத்துச் சொல்வது? பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சொல்லலாம். பத்து நிமிஷம் கழித்து அங்கே ஒன்று ஐம்பது, இரண்டுக்கு இன்னும் பத்து. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஹெட்ஃபோனை நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். கதவு அமுங்கியது.

வலது காதை அவள் வேகமாக முடித்தாள். இடது காதுக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அவள் பக்கமாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, ஆனால் நாற்காலி அதற்கு முதுகைக் காட்டி இருப்பதால் அவள் தெரிய மாட்டாள். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு எதிரே சுவரில் சட்டம் போட்ட ஒரு படம் தொங்குகிறது, காதின் உள்பாகங்களை நிறம் நிறமாகக் காட்டும் படம். நான் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருந்தேன்போல. அந்தப் படத்தின் கண்ணாடியில், நத்தைக்கூடுபோல ஒரு சுருள் வரைந்திருந்த இடத்துக்கு மேலே, சத்தம் அனுப்பும் பட்டன்மேல் ஷைனியின் வலது கை தெரிந்தது. கையும் ஒரு வளையலும். கை இறங்கியது, ஒரு விநாடி நின்றது, ஏறியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. கை இறங்கியது. அழுத்தினேன். கை ஏறியது. கை இறங்கியது. அழுத்தினேன். எவ்வளவு சுலபம். எவ்வளவு பழகிய வேலை! பயிற்சிப் பள்ளியில் பட்வர்தன் சார் எங்கள் தலையில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மேகத்துக்குள் போனால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கிறது, அது ஆடி ஆடி நேராகப் போகிற விமானம் திரும்புகிறது என்று பொய் சொல்லும். உயிர் பிழைக்க வேண்டுமானால் காதை நம்பாதே, கண் முன்னால் இருக்கும் கருவியின் முள்ளை நம்பு. உடம்பு என்ன கத்தினாலும் முள் சொல்வதைச் செய். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்து உயிரோடு இருக்கிறேன். இதோ ஒரு முள், வளையல் போட்ட முள், இறங்குகிறது, அழுத்துகிறேன். இதில் என்ன தப்பு? மூன்றாவது தடவை அழுத்தியபோது மெர்லினின் கை ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று நினைத்தேன், வந்துவிட்டது. மெர்லின் என் துணை விமானி, இருபத்தாறு வயது, தூத்துக்குடிப் பெண். போன ஐப்பசியில் கோயம்புத்தூரில் இறங்கிக்கொண்டிருந்தோம். மழை கண்ணாடியில் அறைந்து வலது காதை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் குரல் வர வேண்டியது ஹெட்செட் வழியாக, இடது காதில். வேகம் குறைகிறது, பாருங்கள் என்று அவள் சொன்னாள். சொன்னாளாம். எனக்குக் கேட்டது மழை மட்டும். இரண்டாவது தடவையும் சொன்னாளாம். பிறகு என் சட்டைக் கையில் அவள் விரல்கள் பட்டன. இருபது வருஷத்தில் அந்த நேரத்தில் யாரும் என்னைத் தொட்டதில்லை. முள்ளைப் பார்த்தேன், வேகத்தைக் கூட்டினேன், இறங்கினோம், பின்னால் நூற்று எழுபது பேருக்கு ஒன்றும் தெரியாது. பேருந்தில் ஏறும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கேப்டன், உங்க ஹெட்செட்டுல பேட்டரி வீக்கா இருக்கும்னு நெனைக்கேன். மாத்திருங்க." மாத்திடறேன்மா என்றேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேட்டரி புதியது. அதற்கு முந்தின நாள்தான் போட்டிருந்தேன்.

கை இறங்கியது. என் விரல் போகவில்லை. கை ஏறியது, இறங்கியது. மகள் ஆதிரைக்கு இன்று பள்ளிக்கூடத்தில் கடைசி நாள், சாக்லேட் டப்பா கொண்டுபோயிருப்பாள், யார் யாருக்கு இரண்டு யாருக்கு ஒன்று என்று ஒரு வாரமாகப் பட்டியல் போட்டாள். மூன்று நாள் முன் விமான நிலைய வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் ஏதோ சொன்னாள். இடது காதுக்குள். சூடான மூச்சு மட்டும் வந்தது, ஸ் ஸ் என்று கூட இல்லை. "சரிடா கண்ணு" என்றேன். அவள் விலகி என்னைப் பார்த்தாள், கண் பெரிதாகிவிட்டது. "நிஜமாவா அப்பா?" "நிஜமா." "அம்மா கிட்ட சொல்லட்டுமா?" "சொல்லு." எதற்குச் சரி என்றேன்? நாய்க்குட்டியாக இருக்கலாம். நாய்க்குட்டியாகத்தான் இருக்கும். அல்லது, அங்கே பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கலாம். அல்லது, நான் வரவில்லை, சித்தி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று. பதினொரு வயதுப் பெண் காதுக்குள் சொல்கிற விஷயம் எதுவாகவும் இருக்கலாம். மூன்று நாளாக அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், அவள் உதடு அசைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, அவள் என் தோளுக்குப் பின்னால் இருந்தாள். கேட்கவில்லை, மறுபடி சொல் என்று சொல்லியிருந்தால் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிக்கு என்ன பயம்? கை இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய பிறகு கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, எண்ணுவதையும் நிறுத்த முயன்றேன், நாலு வந்தால் ஐந்துக்குத் தாவினேன், ஐந்தை விட்டுவிட்டு ஓட்டைகளை நினைத்தேன். விசில் வந்தது. அது என்னுடையது, விட்டுவிடு. நாடி. அது என்னுடையது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இத்தனை பெரிய ஒன்றுமில்லையை நான் கேட்டதே இல்லை. அவள் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு படியாக ஒலியைக் கூட்டிக்கொண்டிருப்பாள், நான் வருவேன் வருவேன் என்று. பட்டனின் மேல் விரல் வேர்த்து வழுக்கியது. பிறகு, எங்கோ, மணலுக்குள் புதைந்த ஊசிபோல ஒரு கூர்மை. அது என்னுடையது இல்லை. அழுத்தினேன். மறைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி அதே ஊசி. அழுத்தினேன். அவள் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. முதலிலிருந்து மறுபடி இறங்கி வந்தாள், மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவையும் அந்த ஒரே இடத்தை எடுத்தாள். ஒருவேளை இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே கேட்டுவிடாதா என்று எனக்காகப் பார்க்கிறாள் என்று புரிந்தது. நல்ல பெண். ஒவ்வொரு தடவையும் ஊசி அதே இடத்தில்தான் வந்தது.

கதவு திறந்தபோது அவள் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை ஒண்ணுகூடத் தப்பா அழுத்தலை சார். ரொம்ப க்ளீன்" என்றாள், தாளைப் பார்த்துக்கொண்டே. கோடு நேராக வந்து நாலாயிரத்தில் கிணறுபோல இறங்கியிருந்தது. பாஸா என்று கேட்டேன். "அதை டாக்டர்தான் சொல்லணும். இவ்வளவு இருந்தா பொதுவா மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. காக்பிட்ல உட்கார வச்சு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. சில பேருக்குக் கொடுக்கிறாங்க, சில பேருக்கு இல்லை. மூணு வாரம், நாலு வாரம் ஆகும்." மூன்று நாலு வாரம். சுவரில் கடிகாரம் பன்னிரண்டு நாற்பத்தைந்து காட்டியது. தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தேன், பிரமிளாவின் பெயருக்குப் பக்கத்தில் நாலு தவறிய அழைப்பு, கடைசியானது அவள் நேரத்துக்கு ஒன்று ஐம்பத்தெட்டு. கூப்பிட்டேன். இரண்டாவது மணிக்கே எடுத்தாள். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும் நாற்காலிகள் இழுபடும் சத்தமும். "பிரமி, கையெழுத்துப் போடாதே" என்றேன். "என்னங்க?" "கையெழுத்து. போடாதே." "அது ரெண்டுக்கே போட்டாச்சே. ரெண்டு வரைக்கும் பாத்தேங்க. மேனேஜர் பேனாவைத் திறந்து கையில வச்சுக்கிட்டு நின்னாரு, பாவம். நீங்க எடுக்கலையா, சரி, உள்ளே இருப்பீங்க, எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு போட்டுட்டேன். நீங்கதானே கல்யாணம் ஆன புதுசுல சொன்னீங்க, பைலட் வீட்டுல ஃபோன் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம், ஏதாவதுன்னாத்தான் ஃபோன் வரும்னு. பதினாறு வருஷமா அப்படித்தானே நான் தூங்கறேன்." பிறகுதான் கேட்டாள்: "ஏன், எதுக்குப் போடாதேன்னீங்க?" நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ மைக்கைத் தட்டினார்கள், ஒரு பெண் குரல், "பிரமிளாக்கா, ஃபோனை வைங்க, மாப்பிள்ளை எங்கேயும் ஓடிட மாட்டாரு, சால்வை காத்துக்கிட்டிருக்கு!" என்றது, எல்லோரும் சிரித்தார்கள். "அய்யோ, படுத்தறாங்க. இருங்க, ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க" என்றாள். ஷைனி டாக்டர் அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கையில் என் தாளோடு, வாங்க என்று தலையை அசைத்தாள். நான் கைப்பேசியை வலது காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பல்லாவரத்தில் கைதட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கையும் தனித்தனியாகக் கேட்டது.